பம்பைக் கழற்றுவதற்கு முன்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வேலைக்கு நடுவில் பலமிழந்து நின்றால், முதலில் பழி விழுவது ஹைட்ராலிக் பம்பின் மேல்தான். ‘பம்பு போயிருச்சு’ என்று டிரில்லர் சொல்வார், உரிமையாளர் போனிலேயே புதுப் பம்புக்குச் சொல்லிவிடுவார், மெக்கானிக் வந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவார். வண்டி ஓடத் தொடங்கும். சில மாதங்களில் அதே வண்டி அதே குறையோடு மறுபடியும் பட்டறைக்கு வரும். இந்தியாவின் பல மாநிலங்களுக்கு ரிக் வண்டிகளை அனுப்பிவைக்கும் ஊர் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு. அங்கே சாலையோரப் பட்டறைகளில் நடக்கும் ஹைட்ராலிக் வேலையைக் கவனித்தபோது எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. அங்குள்ள மெக்கானிக்குகளிடம் அறிவுக்குக் குறைவில்லை. அந்த அறிவுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை என்பதுதான் குறை. பில்லில் பம்புக்கு விலை இருக்கிறது, சீல் கிட்டுக்கு விலை இருக்கிறது, ஆயிலுக்கு விலை இருக்கிறது, கழற்றி மாட்டியதற்குக் கூலி இருக்கிறது. எது பழுது என்று யோசித்துச் சோதித்துக் கண்டதற்கு ஒரு வரிகூட இல்லை. சாமான் மாற்றினால்தான் சம்பாத்தியம் என்று ஆகிவிட்ட இடத்தில் சாமான்தான் மாற்றப்படும். அது மெக்கானிக்கின் நேர்மைக்குறைவு ஆகாது. நாம் வைத்திருக்கும் கணக்கு அப்படி.

யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ரிக் வண்டியில் பாறையை உடைப்பது கம்ப்ரஸரின் காற்று. குழிக்குள் இறங்கும் ஹேமரை அதுதான் இயக்குகிறது. மற்ற வேலைகளில் பெரும்பாலானவை ஆயிலின் பொறுப்பு. வண்டியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் ஜாக்குகள், படுத்திருக்கும் மாஸ்ட்டை நிமிர்த்தும் சிலிண்டர், துளையிடும் ராடைச் சுழற்றும் மோட்டார், அதை இறக்கி ஏற்றும் ஃபீட் எல்லாம் ஹைட்ராலிக்கில் ஓடுபவை. பம்பு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பம்பு உண்டாக்குவது ஓட்டத்தை மட்டுமே. அந்த ஓட்டத்தை ஏதாவது எதிர்க்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. உள்விட்டம் 10 செ.மீ. உள்ள ஒரு சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் ஏறினால் அது ஏறக்குறைய 12 டன்னைத் தள்ளும். சுமையே இல்லாதபோது அதே சிலிண்டரில் அழுத்தம் காட்டும் கேஜின் முள் அதிகம் அசையாது. ஆகவே பழுது பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது, வேகம் குறைந்ததா, பலம் குறைந்ததா என்பதுதான். ஜாக் பழையபடி தூக்குகிறது, ஆனால் இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது என்றால் ஓட்டம் எங்கோ குறைகிறது அல்லது வழியில் கசிகிறது. வேகமாக நீள்கிறது, சுமை வந்ததும் நின்றுவிடுகிறது என்றால் அழுத்தம் ஏற வழியில்லாமல் ஆயில் எங்கோ தப்பிப் போகிறது; அழுத்தம் எல்லை மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வை அங்கே சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் ‘வண்டி இழுக்கல’ என்ற ஒரே சொல்லில் அடக்கி, ஒரே மருந்தாகப் பம்பை மாற்றுவதில் நியாயம் இல்லை.

காலையில் நன்றாக இழுத்து மதியத்துக்கு மேல் சோர்ந்துபோகும் வண்டி தெளிவான தடயம் தருகிறது. ஹைட்ராலிக் ஆயில் சூட்டில் நீர்த்துவிடும். 68 கிரேடு ஆயிலின் பிசுக்கு 40 டிகிரி செல்சியஸில் 68 என்ற அளவில் இருக்கும். 100 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். தேய்ந்த பம்போ மோட்டாரோ குளிர்ந்த ஆயிலைத் தடுத்துப் பிடிக்கும். நீர்த்த ஆயில் தேய்ந்த இடைவெளி வழியாகப் பின்னோக்கி ஒழுகும். கோடையில் ராஜஸ்தானிலோ தெலங்கானாவிலோ வெயிலில் நின்று ஓடும் வண்டியில் இது இன்னும் மோசம். ‘எந்த நேரத்தில் சோருது?’ என்று மூத்த மெக்கானிக்குகள் கேட்பதன் பின்னால் இத்தனை கணக்கு இருக்கிறது. அந்த ஒரு கேள்வி பாதிப் பழுதைக் காட்டிக்கொடுத்துவிடும். மீதிப் பாதிதான் கடினம். உள்ளே ஒழுகுவது பம்பிலா, மோட்டாரிலா, கண்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூலிலா என்பதை வண்டியின் சோர்வு மட்டும் சொல்லாது. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

இந்தத் தேய்மானம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ரிக்குக்கு என்றே ஒரு பகை இருப்பது தெரியும். கருங்கல்லைக் குடைந்து காற்றால் ஊதி வெளியேற்றும்போது வண்டி முழுவதும் கல்மாவு படிகிறது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. பம்பின் உள்பாகங்களுக்கு இடையிலும் ஸ்பூலைச் சுற்றியும் விடப்பட்டிருக்கும் இடைவெளி சில மைக்ரான்கள்தான். மனிதக் கண்ணுக்கு 40 மைக்ரானுக்குக் கீழே எதுவும் தெரியாது. பளபளவென்று சுத்தமாகத் தெரியும் ஆயிலில் பம்பைக் கொல்லப் போதுமான தூசி இருக்கலாம். டேங்கின் பிரீதர் மூடி உடைந்து துணி சுற்றியிருந்தால், பிஸ்டன் ராடின் டஸ்ட் சீல் கிழிந்திருந்தால், பேரலிலிருந்து ஆயிலை வாளியில் பிடித்து ஊற்றினால், ஒவ்வொரு வழியிலும் கல்மாவு உள்ளே போகும். புது பேரல் ஆயிலே ஃபில்டர் வழியாக ஊற்றும் அளவுக்கு அழுக்கானது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ரிட்டர்ன் ஃபில்டர் காக்கும் என்று இருந்துவிடவும் முடியாது. அது அடைத்துக்கொண்டால் உள்ளிருக்கும் பைபாஸ் வால்வு திறந்து ஆயிலை வடிகட்டாமலே விட்டுவிடும். அப்படி அமைத்திருப்பது ஃபில்டர் வெடிக்காமல் இருக்கத்தான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து வண்டியில் ஃபில்டர் இல்லை என்றே கொள்ள வேண்டும். அதே கல்மாவைத்தான் வேலை செய்பவர்களும் சுவாசிக்கிறார்கள், சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் அதில் வருவதுதான். பம்புக்கு ஃபில்டர் வாங்கத் தயங்கும் தொழிலில் நுரையீரலுக்கு முகக்கவசம் கிடைப்பது அரிதாக இருப்பதில் வியப்பில்லை. இரண்டையும் ஒரே கவலையாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

செத்த பம்பு தனியாகச் சாவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உடைந்த பித்தளையும் எஃகுப் பொடியும் ஹோஸ், கூலர், வால்வு, டேங்கின் அடிப்பகுதி என்று எல்லா இடத்திலும் தங்கிவிடும். அவற்றைக் கழுவாமல் புதுப் பம்பை மாட்டினால், பழைய பம்பின் எலும்புகளையே புதியது விழுங்கத் தொடங்குகிறது. சில மாதங்களில் திரும்பி வரும் வண்டிகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். ‘கம்பெனி பம்பு சரியில்லை’ என்ற பேச்சும் இப்படித்தான் பிறக்கிறது.

அவசரமான தீர்ப்பு எவ்வளவு தவறாகலாம் என்பதற்கு ஜாக் இறங்குவது நல்ல சான்று. தூக்கி நிறுத்திய வண்டி மெல்ல மெல்ல இறங்கினால், ஜாக்கின் பிஸ்டன் சீல் போய்விட்டது என்று உடனே கழற்றிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று கணக்குப் போட்டால் இது பொருந்தாது. சுமை பிஸ்டன் ராடை உள்ளே தள்ளுகிறது. ராடு உள்ளே போக வேண்டுமானால் அதன் கனஅளவுக்குச் சமமான ஆயில் சிலிண்டரை விட்டு வெளியேற வேண்டும். இரண்டு வாய்களும் இறுக்கமாக மூடியிருந்தால் ஆயில் போக இடமில்லை. பிஸ்டன் சீல் முழுக்கக் கிழிந்திருந்தாலும் இருபுறமும் அழுத்தம் சமமாகி இன்னும் ஏறி, ஜாக் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். அது இறங்குகிறது என்றால் வெளியே கசிவு இருக்க வேண்டும், அல்லது ஜாக்கில் ஆயிலைப் பூட்டி வைக்கும் லாக் வால்வோ ஸ்பூலோ ஆயிலை விட்டுக்கொண்டிருக்க வேண்டும். சுமை ராடை வெளியே இழுக்கும் அமைப்பில் கதை வேறு. அங்கே பிஸ்டன் சீலைச் சந்தேகிப்பது சரிதான். இந்த வேறுபாடு தெரியாமல் சீல் கிட் மாற்றி, மறுநாளும் இறங்கும் ஜாக்கைப் பார்த்து, சிலிண்டர் டியூபைக் குறை சொல்லி லேத் பட்டறைக்கு அனுப்புவது வீண்செலவு. சீல் பற்றிய அறிவு பழையது, ஆழமானது. 1795-இல் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்குத் தொல்லை கொடுத்தது கசிவு. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி, என்றும் நினைக்கத்தக்க ஒரு வழியைக் கண்டார் என்பார்கள்: உள்ளே ஏறும் அழுத்தமே தோல் வளையத்தை விரித்துச் சுவரோடு இறுக்கும்படி அமைத்தார். இன்றைய யு-சீலும் அதே தத்துவம்தான். அதனால்தான் அதன் வாய் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் புது சீலும் முதல் நாளிலேயே கசியும். திருச்செங்கோட்டில் பட்டறைப் பையன்கள் வாய் எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போடுகிறார்கள். அந்தத் தடவல் ஒரு சோதனை. அதற்கும் கூலி இல்லை.

அனுபவசாலிக்குக் காதே போதும், கேஜ் எதற்கு என்று ஒரு மறுப்பு உண்டு. இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். சத்தத்தை வைத்துப் பம்பின் துன்பத்தைச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்மையிலேயே இருக்கிறார்கள். சக்ஷன் ஸ்ட்ரெய்னர் அடைத்துப் பம்பு ஆயில் கிடைக்காமல் தவிக்கும்போது ஒருவித அலறல் வரும். சக்ஷன் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து காற்றை உறிஞ்சும்போதும் கரகரப்பு வரும். காற்று கலந்தால் டேங்கில் நுரை தெரியும், ஆயில் பாலாகும். இவையெல்லாம் காதும் கண்ணும் சொல்லும் செய்திகள். எங்கே தேட வேண்டும் என்று காட்டுகின்றன. ஆனால் ரிலீஃப் வால்வு 150 பாரில் திறக்கிறதா 110 பாரில் திறக்கிறதா என்று எந்தக் காதும் சொல்லாது. கேஜ் இல்லாத இடத்தில் பழகிப்போன ஒரு தீய வழக்கம், பலம் குறைந்தால் ரிலீஃப் திருகை ஒரு சுற்று இறுக்குவது. உள்ளே தேய்ந்திருப்பதை அது மறைக்கும். பிறகு ஒருநாள் ஹோஸ் வெடிக்கும். திருகு தளர்ந்தே இருந்தால் அது வேறு நட்டம். நிமிடத்துக்கு 20 லிட்டர் ஆயில் 150 பார் அழுத்தத்தில் ரிலீஃப் வழியாகத் தப்பினால் 5 கிலோவாட் வெறும் சூடாகிறது, ஐந்து இஸ்திரிப் பெட்டிகளை டேங்குக்குள் போட்டு வைத்தது மாதிரி. ஆயில் 80 டிகிரியைத் தாண்டினால் சீல்கள் இறுகி வெடிக்கத் தொடங்கும். அடுத்த பழுது அங்கிருந்து வரும். காது எங்கே என்று சொல்லட்டும், எவ்வளவு என்று கேஜ் சொல்லட்டும். கேஜ் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஜாக் முட்டி நிற்கும்போது தேய்ந்த பம்பும் கேஜில் முழு அழுத்தம் காட்டக்கூடும். அதனால் ஜாக் முழுவதும் நீள எத்தனை வினாடி என்பதையும் செல்போனில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமையாளரின் மறுப்பு இதைவிடக் கடுமையானது. வண்டி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம், ஆட்களுக்குப் படி, வங்கித் தவணை, காத்திருக்கும் விவசாயி. இந்த நெருக்கடியில் சோதனை என்று உட்கார முடியுமா? முடியும் என்பதே என் பதில், ஏனென்றால் சோதனைக்கு ஆகும் நேரம் சொற்பம். கேஜ் மாட்ட ஒரு டெஸ்ட் பாயின்ட் ஏற்கெனவே பொருத்தியிருந்தால் அழுத்தம் பார்க்க அரைமணி நேரம்கூட ஆகாது. பிஸ்டன் பம்பாக இருந்தால், உள்ளே ஒழுகும் ஆயிலை வெளியேற்றும் கேஸ் டிரெய்ன் குழாயில் வரும் ஆயிலை ஒரு நிமிடம் பிடித்து அளந்தாலே உள் தேய்மானம் தெரிந்துவிடும். புதுப் பம்பு வெளி மாநிலத்துக்கு லாரியில் வந்து சேரும் நேரத்தோடு இதை ஒப்பிடவே வேண்டியதில்லை. புதிய வண்டிகளில் சென்சார் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்ற நம்பிக்கையையும் கேட்கிறேன். அழுத்தம் குறைந்தது என்று சென்சார் காட்டும். ஏன் குறைந்தது என்று காட்டாது. அதற்கு மறுபடியும் மனிதன்தான் வேண்டும்.

அவசரத்தின் விலையைச் சில சமயம் மெக்கானிக்கின் கைதான் கொடுக்கிறது. ஹோஸில் ஊசிமுனை ஓட்டை வழியாக வரும் ஆயில் கண்ணுக்குப் புகைபோலத்தான் தெரியும், ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் முள் குத்தியதுபோல் சிறியதாக இருக்கும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலை, சில வேளை கையையே எடுக்க வேண்டி வரும். கசிவை விரலால் தடவித் தேடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும். அதேபோல், மாஸ்ட்டை இறக்காமல், எஞ்சினை நிறுத்தி நெம்புகோல்களை அசைத்து மிச்ச அழுத்தத்தை விடாமல் ஹோஸைக் கழற்றக் கூடாது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. போனில் ‘முடிஞ்சுதா, முடிஞ்சுதா’ என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது தெரிந்ததைச் செய்ய விடுவதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு, அதை உரிமையாளர்கள் மேல்தான் வைக்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பில்லில் சோதனைக்கு ஒரு தனி வரி வேண்டும். பம்பு நன்றாக இருக்கிறது, கிளாம்ப்தான் தளர்ந்திருந்தது என்று கண்டு சொன்ன மெக்கானிக்குக்குப் பம்பு மாற்றியவரைவிடக் குறைவாகக் கிடைக்கக் கூடாது. வண்டியின் கேபினில் ஒரு நோட்டும் வேண்டும். ரிக் பல மாநிலங்களில் சுற்றுகிறது, ஒவ்வோர் ஊரிலும் வேறு மெக்கானிக் கை வைக்கிறார்; முந்தைய அழுத்தம் எவ்வளவு, ஜாக் எத்தனை வினாடியில் நீண்டது, ஆயிலும் ஃபில்டரும் எப்போது மாற்றினார்கள் என்று எழுதியிருந்தால் அடுத்தவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டாம். தனி ஓர் உரிமையாளர் இதைத் தொடங்கினால் அவருக்குக் கூடுதல் செலவாகத் தோன்றலாம், பட்டறைக்காரரும் அடுத்த பட்டறை மலிவு என்று வாடிக்கை போய்விடுமோ என்று அஞ்சலாம். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் டீசல் விலை ஏறும்போது அடிக்கு இவ்வளவு என்று துளையிடும் கட்டணத்தைக் கூடிப் பேசி அறிவிக்கும் பழக்கம் ரிக் உரிமையாளர் சங்கங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதே கூட்டத்தில் பட்டறைக்காரர்களையும் உட்காரவைத்து, கேஜ் போட்டுப் பார்ப்பதற்கு இன்ன தொகை என்று ஒரு விகிதத்தை முடிவுசெய்ய முடியும். மழைக்காலத்தில் வேலை குறைந்து வண்டிகள் ஊர் திரும்பி வரிசையாக நிற்கும் மாதங்கள் அதற்கு ஏற்றவை.