ஞாயிறு தோறும் அரைமணி நேரம்

கல்லூரியிற் பயின்ற காலத்தில் யாம் கிழமைக்கு மூன்று நாள் பளுதூக்கினோம். ஆசிரிய கலாசாலை புகுந்தபின் அப்பழக்கம் நின்றது. நாடோறும் துவிச்சக்கர வண்டியிற் பாடசாலைக்குச் சென்று வருகின்றோம்; மாலையில் மிளகாய்த் தோட்டங் கொத்துகின்றோம்; இதற்குமேல் உடற்பயிற்சி எதற்கு என்றிருந்தோம்.

சென்ற ஆண்டு மாரியில் எம் அன்னையார் கிணற்றடியில் வழுக்கி வீழ்ந்தார். மெலிந்த உடல், 45 கிலோவுக்கு மேலிராது. இருந்தும் தனியே தூக்க எம்மால் இயலவில்லை. அயல்வீட்டுப் பையனைக் கூவியழைத்தோம். “பாவம், பிள்ளைக்கு ஏலாது” என்று அன்னையார் எமக்காக இரங்கியது, வீழ்ந்த அவருக்கன்றி எமக்கே நோவாயிற்று.

வண்டி மிதித்தல் மூச்சுக்கு நன்று. பாரமெடுக்கும் வலு வேறு. தை முதல் மூன்று மாதம், கிழமைக்கு மும்முறை பயின்று இழந்ததை ஓரளவு மீட்டோம். பின்னர் தவணைப் பரீட்சை வந்தது, விடைத்தாள்கள் குவிந்தன. மீண்டும் கைவிடுவோமோ என்று அஞ்சிய வேளையில், அமெரிக்காவின் அலபாமாவில் நடந்து 2011 இல் வெளியான ஓர் ஆய்வு கண்ணிற்பட்டது. 16 கிழமை நன்கு பயின்றோர், அடுத்த 32 கிழமையும் அப்பயிற்சியின் ஒன்பதிலொரு பங்கை, கிழமைக்கொரு நாள் மட்டும் செய்து, பெற்ற வலிமையைப் பெரும்பாலும் காத்தனராம். அறுபது கடந்தோருக்கோ அச்சிறு பங்கு தசையின் பருமனைக் காக்கப் போதவில்லை. தடவைகளைக் குறைக்கலாம், பாரத்தைக் குறைத்தலாகாது.

இப்போது ஞாயிறு மட்டுமே. 60 கிலோவை நிலத்தினின்று ஐந்துமுறை எடுக்கின்றோம்; பின் சிறிது குந்தியெழுகின்றோம். அன்னையார் கதிரையிலிருந்து எண்ணுகின்றார். நான்கு வந்ததும், “காணும் பிள்ளை” என்கின்றார்.