கர்ணனுக்குக் கயிறு பிடித்தவன்

“இழுத்துக் கட்டு மாப்ள. மூச்சு முட்டினாதான் ராசா நிமுந்து நிப்பான்.”

மாமா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் அம்மா பிறந்த ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும். அன்றைக்குக் கர்ண மோட்சம். கர்ணன் வேஷம் மாமாவுக்கு, கயிறு பிடிக்கும் வேலை எனக்கு.

கூத்துக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வேஷம் என்பது உடுத்துவதில்லை, பூட்டுவது. அரிதாரம் காய்ந்ததும் காலில் சலங்கை ஏறும். இடுப்பில் துணியைச் சுற்றிச் சுற்றி அகலமாக்குவார்கள். அதற்கு மேல் மார்புப் பதக்கம், இரண்டு தோளிலும் புஜக்கட்டை, கன்னத்தை ஒட்டிக் காதுக்கட்டை, கடைசியில் கிரீடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு. முக்கியமான முடிச்சுகள் எல்லாம் முதுகுப் பக்கம் விழும். வேஷக்காரர் தானாகக் கட்டிக்கொள்ளவும் முடியாது, தானாக அவிழ்த்துக்கொள்ளவும் முடியாது.

கல்யாண முருங்கை கனமில்லாத மரம். அதைச் செதுக்கி, வண்ணம் பூசி, ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் பதித்தால் அதுதான் கட்டை. கட்டைக்கூத்து என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். விளக்கு வெளிச்சம் பட்டால் இரும்பு தோற்றுப்போகும். கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்கு மரமும் உளியும் புதிதல்ல. இங்கே செதுக்கும் மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்தது. சாமிக்கு மரத்தில் உருவம் கொடுக்கும் மண்ணில் ராஜாவும் மரத்தைக் கவசமாகப் பூட்டிக்கொண்டு வருகிறார்.

ஆனால் இந்தப் பக்கத்தில் நிஜமாகவே சண்டை போட்டுச் செத்தவர்களைப் பாருங்கள். கல்வராயனுக்கு வடக்கே, தென்பெண்ணையைத் தாண்டினால் செங்கம். அங்கே கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் தனி நூலாகவே கொண்டுவந்தது. பல்லவர் காலத்துக் கற்கள் அதில் நிறைய உண்டு. மாட்டை மீட்கப் போய் உயிர்விட்டவர்கள் அவற்றில் நிற்கிறார்கள். கையில் வில்லோ வாளோ இருக்கும், இடுப்பில் கச்சை இருக்கும், மார்பு வெறும் மார்பாக இருக்கும். சில கற்களில் உடம்பில் தைத்த அம்பைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். அசல் போருக்குப் போனவன் வெற்றுடம்போடு போனான். அந்தப் போரைத் திரும்ப ஆடிக் காட்டுகிறவனுக்கு எதற்கு இத்தனை கட்டும் கயிறும் என்று எனக்கு ரொம்ப நாள் கேள்வி இருந்தது. அதிலும் கர்ணனுக்கு! கவசத்தோடு பிறந்தவன் அவன். கேட்டு வந்த இந்திரனுக்கு அதை உடம்பிலிருந்து அறுத்துக் கொடுத்தவன். கவசத்தைத் தானம் பண்ணிவிட்டவனுக்குத்தான் நாங்கள் அன்று கவசம் கட்டிக்கொண்டிருந்தோம்.

நான் போட்ட முடிச்சு ஒன்று அந்த ராத்திரி அவிழ்ந்தது.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். முகவீணை உச்சத்தில் இருந்தது. கர்ணனும் அர்ச்சுனனும் தகடு ஒட்டிய மரக்கத்தியோடு எதிரும் புதிருமாகச் சுழன்றுகொண்டிருந்தார்கள். மாமாவின் வலது புஜக்கட்டை சரிந்து தொங்கியது. கையை ஓங்கினால் கட்டை முகத்தில் அடிக்கும், ஓங்காவிட்டால் ஆட்டம் நிற்கும். அர்ச்சுனன் வேஷக்காரர் கவனித்துவிட்டார். பாட்டை விடவில்லை, தாளத்தையும் விடவில்லை. சுழன்றபடியே மாமாவின் வலப்பக்கம் வந்து தோளோடு தோள் மோதினார். கூட்டம் ஓவென்று கத்தியது. அந்த மோதலுக்குள்ளேயே கட்டையைத் தன் தோளால் முட்டுக் கொடுத்துத் தூக்கி, கயிற்று நுனியை மாமாவின் கையில் திணித்துவிட்டு விலகினார். மாமா அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு மீதிப் போரை ஆடினார். ஊருக்கு ஒன்றும் தெரியாது. திரைக்குப் பக்கத்தில் நின்ற எனக்குத்தான் உடம்பெல்லாம் நடுங்கியது.

பல வருஷம் கழித்து வேலைக்காகக் கலிஃபோர்னியாவில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கா ஒன்றில் சிலர் பழைய ஐரோப்பிய வீரர்களைப் போல வாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1966இல் பெர்க்லியில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்’ என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள். வாளுக்குப் பதில் அவர்கள் கையில் இருந்தது பிரம்பு. ஒன்றேகால் அங்குலத் தடிமனுக்குக் குறையக் கூடாது என்பது விதி. பிரம்பு நைந்துபோனால் நாராகப் பிரியும், சிம்பு சிம்பாகத் தெறித்துக் கண்ணில் குத்தாது. தலைக்கவசம் மட்டும் அசல் உருக்கு. ஒருவர் கழற்றி என் கையில் கொடுத்தார், கை தாழ்ந்துவிட்டது. ஐரோப்பாவில் அந்தக் காலத்து முழுத் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். அந்தப் பாரம் உடம்பு முழுக்கப் பரவி நிற்பதால் அதோடு ஓடவும் குதிரை ஏறவும் முடியும் என்று அவர் விளக்கினார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. மரத்தடியில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, இன்னொருவர் அவருடைய கவசத்தின் வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் அந்த இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். வார் பூட்டியவர்தான் எதிரி.

அவர்கள் ஆட்டத்தில் ஒரு விதி என்னை உலுக்கிவிட்டது. களத்தைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் உண்டு. ஆனால் அடி சரியாக விழுந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் அடி வாங்கியவர்தான். காலில் பட்டால் அவரே மண்டியிட்டுச் சண்டையைத் தொடர வேண்டும். கையில் பட்டால் அந்தக் கை இனி இல்லை. தலையிலோ மார்பிலோ பலமாக விழுந்தால் அவராகவே சாய்ந்துவிட வேண்டும். பொய் சொன்னால் யாரும் நிரூபிக்க முடியாது. அதனாலேயே யாரும் சொல்லக் கூடாது. அடித்தவர் இவருடைய வாக்கை நம்புகிறார், அடிபட்டவர் அவருடைய கையை நம்புகிறார்.

கவசத்துக்குத் தமிழில் ஒரு பழைய சொல் உண்டு, மெய்ம்மறை. உடம்பை மறைத்துக் காப்பது. பதிற்றுப்பத்தில் சேர மன்னனையே அவனுடைய வீரர்களுக்கு மெய்ம்மறை என்று சொல்லியிருக்கிறார்கள். தோலும் இரும்பும் அல்ல, முன்னால் நிற்கும் மனிதன்தான் கவசம். என் கேள்விக்கு விடை அந்தச் சொல்லில் இருந்தது. நிஜப் போரில் எதிரி கொல்ல வருகிறான். திரும்ப ஆடும் போரில் எதிரிதான் மெய்ம்மறை. அங்கே கட்டையும் தகடும் காப்பதைவிட, எதிரே ஓங்கிய கை காப்பதுதான் அதிகம். இதை ஒவ்வொரு வருஷமும் உடம்பால் பழகிப் பார்ப்பதற்காகவே மனிதர்கள் பழைய போர்களைக் கட்டிச் சுமக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் மாவட்டத்திலேயே உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகம் இருக்கிறது. பாண்டவர் ஜெயிக்கத் தன்னையே களப்பலி கொடுத்த அரவான் அங்கே கூத்தாண்டவர். சித்திரைத் தேருக்கு அவருடைய திருமேனி பாகம் பாகமாகச் சுற்று ஊர்களிலிருந்து வந்து தேரில் ஒன்றுகூடும். திருநங்கைகள் அவருக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுவார்கள். ஒரு வீரனை நிற்கவைக்க ஓர் ஊர் போதாது. அவன் விழுந்தால் அழுவதற்கும் ஆள் வேண்டும். எங்கள் திரௌபதி அம்மன் திருவிழாவின் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் கிடக்கும்போது, அவனுக்காகவும் ஓர் ஒப்பாரி எழும். எங்கள் ஊர்ப் பெண்கள் அவனை வெறுத்தபடியே அழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று கர்ணன் விழுந்தபோது கிழக்கே வெளுத்திருந்தது. மேற்கே கல்வராயன் உச்சி முதலில் சிவந்தது, பிறகு மெல்ல வெளிச்சம் அடிவாரத்துக்கு இறங்கியது. மாமா கொட்டகைக்குள் வந்து பாயில் உட்கார்ந்தார். தோளில் கயிறு பதிந்த இடம் கன்றியிருந்தது. நான் கிட்டே போகவில்லை.

அர்ச்சுனன் வேஷக்காரர் இன்னும் அரிதாரத்தைக்கூடத் துடைக்கவில்லை. மாமாவுக்குப் பின்னால் குந்தி, முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக் கட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். தேங்காயெண்ணெயைத் தொட்டு அந்தக் கன்றிய இடத்தில் தடவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“ரெட்ட முடிச்சு போடணும் தம்பி. எங்க, போட்டுக் காட்டு” என்று சொல்லிவிட்டு, திரும்பித் தன் முதுகை எனக்குக் காட்டினார்.