கொடிக்காலில் இலை பார்த்தல்

வெற்றிலை மிளகுக் குடும்பத்துக் கொடி. அதற்கு நிழல் வேண்டும், காற்றில் ஈரம் வேண்டும், மண் காயாமல் இருக்க வேண்டும். ஆனால் வேரடியில் தண்ணீர் நின்றால் கொடி அழுகிவிடும். ஒன்றோடொன்று முரண்படும் இந்தத் தேவைகளை ஒரே நிலத்தில் பொருத்தி வைக்கும் ஏற்பாடுதான் கொடிக்கால். சுமார் 2 மீட்டர் அகலத்தில் மேட்டுப்பாத்தி, பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே அரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் கொண்ட வாய்க்கால். பாத்தியில் முதலில் அகத்தியை விதைத்து, அது ஓரளவு வளர்ந்த பிறகு அதன் அடியில் கொடித்துண்டுகளை நடுகிறார்கள். கொடி பற்றி ஏறுவதும் அகத்தியில், கொடிக்கு நிழல் தருவதும் அகத்தி. வங்காளத்திலும் ஒடிசாவிலும் மூங்கிலும் நாணலும் கொண்டு மூடிய கொட்டகைக்குள் வெற்றிலை வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டுக் கொடிக்கால் திறந்த வகை. ஆனாலும் உள்ளே இறங்கியவுடன் வெளி வெயில் மறந்துபோகும் அளவுக்கு அது ஒரு தனி அறை.

இந்தக் கட்டுரைக்காகப் பார்த்த கொடிக்கால்கள் தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி கடலை நெருங்கும் ஆத்தூர், முக்காணிப் பகுதியில் இருப்பவை. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெல், வாழை வயல்களுக்கு நடுவே தனியாகத் தெரியும் இந்தச் சிறு தோப்புகளில், வேலை பொழுது விடிந்ததும் தொடங்குகிறது. வாய்க்காலுக்குள் நின்றபடி, கணுக்காலளவு ஈரத்தில், இரு பக்கக் கொடிகளிலும் காம்போடு இலை கிள்ளுகிறார்கள். கட்டைவிரல் நகமே கருவி. கிள்ளிய இலைகள் கரைக்கு வந்ததும் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்து, காம்பை ஒரு பக்கமாக வைத்து, நூறு நூறாகக் கவுளி அடுக்குகிறார்கள்.

மற்ற பயிர்களில் இலை நோயைக் காட்டும் இடம் மட்டுமே. நெல்லில் ஓர் இலையில் புள்ளி விழுந்தால் கதிருக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. வெற்றிலையில் நோய் தெரியும் இடமும் விற்கும் பொருளும் ஒன்றே. புள்ளி விழுந்த இலை அந்தக் கணமே கவுளியிலிருந்து விலக்கப்படும். அதனால் இங்கே நோயை அடையாளம் காண்பது நோய் முற்றிய பிறகு செய்யும் வேலையாக இருக்க முடியாது. ஒவ்வொரு கொடியையும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கையால் தொடுகிற கிள்ளுகாரர்தான் அதை முதலில் காண்கிறார். அவர் கூலி கிள்ளுவதற்கு மட்டும் கணக்கிடப்படுகிறது. அவர் கண்டு சொல்லும் செய்தியில்தான் தோட்டமே நிற்கிறது.

அவர்கள் இலை பார்க்கும் முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இலையின் நிறத்தைவிட அது கொடியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் கேட்கிறார்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் சீராக வெளிறி மஞ்சளானால் கொடிக்குத் தழைச்சத்துப் பற்றவில்லை. தழைச்சத்து செடிக்குள் இடம்பெயரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் கொடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மக்னீசியமும் அப்படியே; ஆகவே அவற்றின் குறையும் கீழிருந்துதான் தொடங்கும். சாம்பல்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலையின் ஓரம் கருகும். மக்னீசியம் குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இரும்புச்சத்து நகராது. அது குறைந்தால் முதிர்ந்த இலை பச்சையாகவே இருக்க, கொழுந்து மட்டும் நரம்பு தனித்துத் தெரியும்படி வெளிறிவிடும். சுண்ணாம்புத்தன்மை மிகுந்த மண்ணிலும் நீர் வடியாத மண்ணிலும் இதைக் காணலாம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாத நிலை அது. மேலும் உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. வாய்க்காலைத் தூர்வாரி வேருக்குக் காற்று விடுவதுதான் முதல் வேலை.

கடல் அருகே என்பதால் இன்னொன்றும் உண்டு. பாசன நீரில் உப்பு ஏறினால் இலை நுனியும் ஓரமும் காய்ந்து சுருங்கும். பார்வைக்கு இது சாம்பல்சத்துக் குறைபோலவே இருக்கும். பிரித்தறிய ஒரே இலையைப் பார்த்தால் போதாது. ஒரே நீரைக் குடிக்கும் பாத்தி முழுவதும் அந்த அறிகுறி பரவியிருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும்.

நிழலின் அளவையும் இலையே காட்டும். அகத்தியை அளவுக்கு மீறிக் கழித்துவிட்டால் இலை சிறுத்து, தடித்து, மஞ்சள் பாயும். கழிக்காமல் விட்டால் இலை மெலிந்து அகன்று, கணுவிடை நீண்டு, ஈரம் உலராத இடமாகி நோய்க்கு வழி திறக்கும். அதனால் அகத்தி சுமார் 4 மீட்டர் உயர்ந்ததும் நுனியை வெட்டுகிறார்கள். மழைக்காலத்துக்கு முன் கிளைகளைக் கூடுதலாகவும் கோடையில் குறைவாகவும் கழிக்கிறார்கள். கழித்த தழை ஆட்டுக்கும், கொஞ்சம் சமையலுக்கும் போகிறது.

புள்ளிகளைப் பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. மழைக்குப் பின் ஒரே கொடியில் மூன்று வகைப் புள்ளிகள் இருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. ‘வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க அண்ணாச்சி’ என்று இலையை நீட்டினார் ஒரு கிள்ளுகாரர். சூரியனுக்கு எதிரே பிடித்தபோது, சிறு சிறு புள்ளிகள் எண்ணெய் ஊறியதுபோல் தெளிந்து தெரிந்தன. ஒவ்வொன்றும் வட்டமாக இல்லாமல் நரம்புகளுக்கு இடையே கோணலாக நின்றது. சுற்றிலும் மஞ்சள் வளையம். இது பாக்டீரியா இலைப்புள்ளி. நரம்பைத் தாண்ட முடியாமல் அது கட்டங்கட்டமாக நிற்கிறது. கொலட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையால் வரும் கரும்புள்ளிக்கு நரம்பு தடையில்லை. அது ஒழுங்கற்ற வடிவில் விரிந்து, நடுப்பகுதி காய்ந்து, பெரும்பாலும் இலையோரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும்.

மூன்றாவது இலையழுகல். இதற்குக் காரணம் பைட்டோப்தோரா. பூஞ்சையைப் போலத் தெரிந்தாலும் நீரில் நீந்தும் வித்துகள் கொண்ட வேறு வகை நுண்ணுயிர் அது. ஈரம் ஊறிய பழுப்பு வட்டமாகத் தொடங்கி, வளையத்துக்குள் வளையமாக விரிந்து, தொடர்மழையில் மிகச் சில நாட்களில் இலையை முழுதும் தின்றுவிடும். மண்ணிலிருந்து மழைத்துளி தெறிக்கும் உயரத்துக்குள் இருக்கும் அடி இலைகளில்தான் முதலில் வரும். ஆகவே அடியில் ஓரிரு அடி உயரம்வரை இலைகளைக் கழித்துவிடுவதும், விழுந்த இலைகளைப் பொறுக்கி எரிப்பதும் மருந்துக்குச் சமமான வேலைகள். பொறுக்கிய இலையை வாய்க்காலிலேயே எறிந்துவிட்டுப் போகும் வழக்கத்தைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. நீந்தும் வித்துக்கு அதைவிட நல்ல பாதை கிடையாது.

மருந்து என்றால் இன்றும் போர்டோ கலவைதான். பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் 1885இல் உலகுக்கு அறிவித்த, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை. வேரடியில் ஊற்ற 0.5 விழுக்காடு, அதாவது 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 500 கிராம், சுண்ணாம்பு 500 கிராம். இலையில் தெளிக்க அதில் பாதி. இரும்புப் பாத்திரம் கூடாது. மயில்துத்தத்தைத் தனியாகவும் சுண்ணாம்பைத் தனியாகவும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்து அடியில் படியும். பிறகு துரு நீக்கிய கத்தியை அதில் நனைத்துப் பார்க்கிறார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் அமிலம் மிஞ்சியிருக்கிறது. அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். செம்பு படியாமல் போகும்வரை சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். கலக்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும். இந்தக் கத்திச் சோதனையைச் செய்யாமல் அடித்துவிட்டு, கருகிய இலையை நோய் என்று எண்ணி மறுபடியும் அடிப்பவர்களும் உண்டு.

இலை பச்சையாக வாய்க்குப் போகிறது. சமைப்பதில்லை, உரிப்பதில்லை. எனவே கிள்ளி முடித்த பிறகே தெளிக்க வேண்டும். அடுத்த கிள்ளலுக்கு முன் போதிய நாள் விட வேண்டும். கரைசலை இலையில் அடிப்பதைக் காட்டிலும் வேரடியில் ஊற்றுவதையே மூத்த விவசாயிகள் விரும்புவதற்கும் இதுவே காரணம். விலை ஏறியிருக்கும் முகூர்த்த மாதங்களில் இந்த இடைவெளியைக் காப்பது எளிதல்ல. ஆனாலும் காக்கத்தான் வேண்டும்; இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பூச்சியைத் தேட இலையைத் திருப்ப வேண்டும். செதில்பூச்சி காம்பிலும் நரம்பிலும் அசையாமல் ஒட்டியிருக்கும். இலை பளபளப்பை இழந்து வாடும். மாவுப்பூச்சி இருக்கும் இடத்தில் எறும்பும் கரும்பூசணமும் கூட வரும். ஆரம்பத்திலேயே கண்டால் அந்தக் கொடித்துண்டைக் கழித்துவிட்டு 5 விழுக்காடு வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தாலே பெரும்பாலும் அடங்கும். இலையில் வெண்பொடி படிந்து கொழுந்து உட்புறமாகச் சுருண்டால் அது சாம்பல்நோய்.

இவை எல்லாம் இலையோடு நிற்பவை. கொடி முழுவதும் ஒன்றாக மஞ்சளாகி, இலைகள் உதிராமல் தொங்கியபடியே காய்ந்தால் கோளாறு தரைக்குக் கீழே இருக்கிறது. கொடியை மெல்ல இழுத்து வேரைப் பார்ப்பதே அடுத்த படி. வேரின் சதை நாரைவிட்டு வழுக்கிக் கழன்று வந்தால் அது வாடல் நோய். இலையை அழுக்கிய அதே பைட்டோப்தோரா இப்போது தண்டின் அடியில் இருக்கிறது. வேரில் சிறு முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. நூற்புழுக் கொடி பல மாதங்கள் உரக்குறை போலவே தோற்றம் காட்டும். யூரியா மேல் யூரியா போட்டும் நிமிராத பாத்தியில் வேரைத் தோண்டிப் பார்க்காமல் இருப்பது வீண் செலவு. புழு துளைத்த வேரில் வாடலும் எளிதாக நுழைகிறது. இரண்டுக்கும் பொதுவான தற்காப்பு வேப்பம்புண்ணாக்கு. ஆண்டுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்ற பரிந்துரையில் பாதியை அதன் வழியாகவே கொடுக்கச் சொல்கிறார்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்து இடுவதும் உண்டு. செம்புக் கரைசல் ஊற்றிய கையோடு அதை இடக் கூடாது. குளிர்ந்த மழைமாதங்களில் பாசனத்தைக் குறைக்க வேண்டும். வாடல் தொட்ட கொடி மீள்வதில்லை. அதைச் சுற்றியுள்ள கொடிகளோடு பிடுங்கி எரித்து, அந்த இடத்தில் கலவையை ஊற்றுகிறார்கள்.

ஓராண்டில் கொடி அகத்தியின் உச்சியை எட்டியதும் வலு குறைந்து இலை சிறுக்கும். இது நோயல்ல, முதுமை. பங்குனி, சித்திரையில் கொடியைக் கீழே இறக்கி, சுருட்டி மண்ணில் பதிக்கிறார்கள். பதித்த கணுக்களிலிருந்து புதுக் கொடி கிளம்பும். வாழைநாரால் தளர்த்தியாகக் கட்டிக் கட்டி மறுபடியும் ஏற்றுவார்கள். இந்த இறக்குதலின்போது ஒவ்வொரு கொடியும் தலை முதல் அடிவரை கைக்குள் வருவதால், செதிலும் அழுகலும் முடிச்சும் ஒருசேரச் சோதிக்கப்படுகின்றன. புதுத் தோட்டத்துக்கான விதைக்கொடியும் நோயற்ற தாய்க்கொடியின் மேற்பகுதியிலிருந்து அப்போதுதான் வெட்டப்படுகிறது. மூன்று முதல் ஐந்து கணுக்கள் கொண்ட துண்டு போதும். வாடல் மிகுந்துவிட்ட நிலத்தில் அதை நடாமல், நெல்லோ வாழையோ வைத்துச் சில ஆண்டுகள் விட்டுவிடுகிறார்கள்.