நன்னீர் காணாத விண்ணூர்தி

கேளம்பாக்கத்து உப்பளங்களே, உங்களையே கேட்கிறேன். உப்பங்கழி நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து, வெண்மணியாய் விளைத்துத் தருகிறீர்கள். சோற்றுக்குச் சுவையான உப்பு உலோகத்துக்குக் கூற்றாவது ஏன்? கதவின் கீல் உப்புக்காற்றில் இற்று உதிர்வதைக் கண்டு வளர்ந்தவன் கேட்கிறேன்.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணியளவில் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து எழுந்தாய், கே-2743 என்னும் எண் தாங்கிய ஏஎன்-32 ஊர்தியே! போர்ட் பிளேர் உன் இலக்கு. விமானிகள், படைவீரர்கள், விசாகப்பட்டினத்துக் கடற்படைப் படைக்கலக் கிடங்கின் ஊழியர் எண்மர் என 29 உயிர்களைச் சுமந்து சென்றாய். ஒரு மணி நேரம் ஆகுமுன் ரேடாரில் உன்னைக் காணோம். கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின, நீர்மூழ்கியும் தேடிற்று. இறந்ததாகக் கொள்ளப்படுகின்றனர் என்று செப்டம்பரில் வீடுகளுக்கு மடல் போயிற்று. கொள்ளப்படுதலாம்! உடல் காணாமல், உடைந்த தகடொன்றும் காணாமல், பெற்றவள் அதை எங்ஙனம் கொள்வாள்?

கடலில் வீழ்ந்த ஊர்தியைப் பேணும் முறையை நம்மவர் அறியாதவர் அல்லர். கரையேற்றியதும் உலரவிடலாகாது, காற்றுப் பட்டதும் உவர் விரைந்து அரிக்கும். முதல் மருந்து நன்னீர். தகட்டின் மடிப்பிலும் தறையாணியின் அடியிலும் புகுந்த உப்பு தீருமட்டும் கழுவிக் கழுவி, அதன் பின்னரே நீர் விரட்டும் எண்ணெய் பூசுவர். கறுப்புப் பெட்டி எனப்படும் பதிவுப்பெட்டியை நன்னீரில் அமிழ்த்தியபடியே ஆய்வுக்கூடம் சேர்ப்பர். தாமதித்தால் மெக்னீசியப் பாகங்கள் கரையும். எஃகைத் தொட்ட இடத்தில் அலுமினியம் வெண்பொடி பூக்கும். அந்தப் பூவைக் கண்ட மெக்கானிக்கின் முகம் வாடும்.

2015 ஜூனில் வீழ்ந்த கடலோரக் காவல்படையின் டோர்னியரைப் பிச்சாவரத்துக்கு அப்பால் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கண்டு, பதிவுப்பெட்டியை எடுத்தார்கள். அது கைக்கு எட்டிய ஆழம்.

உன்னைக் கண்டது பள்ளிக்கரணை. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், நீ புறப்பட்ட ஓடுபாதைக்கு அண்டைவீடு போன்றது. அவர்கள் இறக்கிய ஆளில்லாக் கலம் சோனார் ஒலியால் கடலடியைத் துழாவி, உன் சிதைவுகளைப் படமெடுத்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல்மைல். ஆழம் 3,400 மீட்டர். அப்பகுதியில் வேறு விமானம் தொலைந்ததாகப் பதிவே இல்லை. ஆதலால் அது நீயே ஆகலாம் என்று 2024 ஜனவரி 12 அன்று அறிவித்தார்கள். பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. ஏழரை ஆண்டு வாசலையே பார்த்திருந்த வீடுகளுக்கு வந்தவை படங்கள்.

இறந்தோரை எண்ணி இருந்தோர் செயலற்று இரங்குவதைக் கையறுநிலை என்றனர் முன்னோர். பழுது நீக்கத் தெரிந்த கைகள் தாம்பரத்தில் உண்டு, ஆவடியில் உண்டு, கான்பூரில் உண்டு. கழுவ நன்னீரும் உண்டு. அந்தோ, கழுவுதற்கு நீ இல்லையே!

கோவளக் கரைக்குச் செல்வோரே, ஜூலை 22 காலையில் ஒரு செம்பு நன்னீர் கொண்டுபோங்கள். கிழக்கு நோக்கி நின்று அதைக் கடலில் ஊற்றுங்கள்.