தோலால் குடிக்கும் உயிர்

தவளை தன் வாயால் கெடும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். மழையிரவில் கத்தித் தன் இருப்பிடத்தைப் பாம்புக்குக் காட்டிக்கொடுக்கும் வயல் தவளையைப் பார்த்துச் சொன்ன சொல் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் வாழும் மரத்தவளைக்கு வாயால் வரும் கேடு ஒன்றும் இல்லை. அது கெடுவதெல்லாம் தோலால்தான்.

2023 மே மாத விடுமுறையில் சிட்னியில் வென்ட்வொர்த்வில் பகுதியில் உள்ள தங்கை வீட்டில் ஐந்து வாரம் தங்கியிருந்தேன். என் மருமகனுக்கு 11 வயது. உள்ளங்கையை நிறைக்கும் பச்சை மரத்தவளை ஒன்றை வளர்க்கிறான். அந்நாட்டுத் தவளையை வீட்டில் வைத்துக்கொள்ள அரசு உரிமம் வேண்டும். அதையும் முறையாக வாங்கியிருந்தார்கள். பச்சைத் தவளை என்றாலும் அதன் அறிவியல் பெயரில் இருப்பது நீலத்தைக் குறிக்கும் 'சேருலியா' என்ற இலத்தீன் சொல். 1790-இல் ஜான் வைட் என்ற அறுவை மருத்துவர் அதை முதலில் விவரித்தபோது நீலத் தவளை என்றே எழுதினார். பதப்படுத்திய உடலில் மஞ்சள் நிறமி அழிந்து நீலம் மட்டும் எஞ்சியிருந்தது என்று காரணம் சொல்கிறார்கள். ஏடெழுதியவரின் பிழை பாடமாக நிலைத்துவிடுவதைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று.

நான் போன இரண்டாம் வாரத்தில் தவளைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. நலமாக உள்ள மரத்தவளை பகலில் கைகால்களை உடம்புக்கடியில் மடக்கிக்கொண்டு கண்ணாடியில் ஒட்டியபடி உறங்கும். இது தரையில் கால்களைப் பரப்பிக் கிடந்தது. வயிற்றிலும் தொடையின் அடியிலும் சிவப்பு. உரிந்த தோல் துணுக்குகள் தண்ணீர்க் கிண்ணத்தில் மிதந்தன. தோல் உரிப்பது தவளைக்கு இயல்புதான். உரித்ததை அதுவே தின்றுவிடும். தின்னாமல் விட்டதுதான் பையனைக் கலவரப்படுத்தியது.

கால்நடை மருத்துவர் தவளையை மெல்ல மல்லாக்கப் போட்டார். அது திரும்பிப் படுக்க எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பஞ்சுக்குச்சியால் தோலைத் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினார். கைட்ரிட் என்னும் பூஞ்சை என்று முடிவு வந்தது.

பெயர் சிறியது, செய்த வேலை பெரியது. 1998-இல்தான் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் மடிந்த தவளைகளின் தோலில் இதை அடையாளம் கண்டார்கள். 2019-இல் வெளியான ஆய்வு, இந்தப் பூஞ்சையால் குறைந்தது 501 நீர்நில வாழினங்கள் அருகியதாகவும் அவற்றில் 90 அற்றுப்போயிருக்கலாம் என்றும் கணக்கிட்டது. தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை உயிரை எப்படி எடுக்கும் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2009-இல் இதே பச்சை மரத்தவளையைக் கொண்டு நடத்திய ஆய்வில் விடை கிடைத்தது. தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. உடலுக்கு வேண்டிய உப்புகளின் போக்குவரத்தும் அதே தோல் வழிதான். பூஞ்சை அந்த வாசலைச் சிதைக்கும்போது இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. எதற்கும் அசையாதவனைத் தோல் தடித்தவன் என்று நாம் ஏசுகிறோம். அந்த வசைக்கு முற்றிலும் எதிரான பிறவி இது.

மருந்து இட்ராகொனசோல். மருத்துவர் எழுதித் தந்த அளவில் அதை உப்புக் கரைசலில் கலந்து, நாளொன்றுக்கு 5 நிமிடம் வீதம் 11 நாள் தவளையை அதில் இருத்த வேண்டும். முன்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற செறிவில் கொடுத்தார்கள். அதைவிட நீர்த்த கரைசலே போதும் என்று பின்னர் தெரிந்ததால் எங்களுக்குக் கிடைத்தது நீர்த்ததுதான். தங்கையும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே பொறுப்பு எனக்கு, மேற்பார்வை பையனுக்கு.

மாவு தடவாத கையுறையை நீரில் நனைத்து அணிய வேண்டும். நாள்தோறும் புதிது. தூக்கிய கணமே தவளை சேமித்துவைத்த நீரையெல்லாம் என் கையில் பீய்ச்சிவிடும்; அதன் ஆயுதம் அது. மூடியிட்ட டப்பாவில் வயிறு நனையும் அளவுக்குக் கரைசல் ஊற்றி, முதுகும் நனையும்படி மெதுவாக அசைக்க வேண்டும். குடிநீர்க் குழாய்த் தண்ணீர் அப்படியே ஆகாது. குளோரின் என்றால் திறந்துவைத்தால் போய்விடும். குளோரமின் போகாது, அதற்கென்று உள்ள சொட்டுமருந்தை விட வேண்டும். பெட்டியில் மண்ணும் செடியும் நீக்கப்பட்டு ஈரக் காகிதம் மட்டும். அதையும் தினமும் மாற்ற வேண்டும். 28 டிகிரிக்கு மேல் இப்பூஞ்சை வளராது. சிட்னியில் அப்போது குளிர் தொடங்கியிருந்ததால், பெட்டிக்கு மேலே எரியும் விளக்கைப் பையன் இரவில் எழுந்து எழுந்து பார்த்தான்.

தங்கையின் மாமியார், "மஞ்சளை அரைச்சுப் பூசிவிடுங்க தம்பி, எந்தப் புண்ணும் ஆறிடும்" என்றார். நம் தோலுக்கு அது பழகிய கைவைத்தியம். தவளையின் தோலில் பூசுவது எதுவும் பூச்சாக நிற்காது, உள்ளே இறங்கிவிடும். நம் பல்வலிக் களிம்பில் இருக்கும் பென்சோகெயின் தவளைக்கு மயக்க மருந்து. அளவு மிஞ்சினால் மரணம். இதைச் சொன்னதும், "அப்போ ஊதினாக்கூடப் பட்டுடும் போல" என்று அவர் டப்பாவிலிருந்து ஓரடி தள்ளி உட்கார்ந்தார். அதன்பின் ஒரு நாளும் வேடிக்கை பார்க்கத் தவறியதில்லை.

அந்த ஐந்து நிமிடங்கள் நீளமானவை. ஐங்குறுநூற்றின் முல்லைப் பாடல்களில் நுணலும் தேரையும் ஒலித்துக் கார்காலத்தை அறிவிப்பதைப் பையனிடம் சொன்னேன். இரண்டும் வேறு வேறா என்று கேட்டான். இரண்டு பெயர் இட்டு வேறுபடுத்தும் அளவுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றேன். நான்காம் நாள், கண்ணை டப்பாவிலிருந்து எடுக்காமலே, "மாமா, இது செத்துடுமா?" என்றான். சாகக்கூடும் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு நேரத்தைப் பார்த்தான். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

பயன்படுத்திய நீரைத் தோட்டத்தில் ஊற்றக் கூடாது என்பதில் மருத்துவர் கண்டிப்பாக இருந்தார். பக்கத்து ஓடையில் உரிமமும் மருத்துவரும் இல்லாத தவளைகள் வாழ்கின்றன. வெளுப்புத்தூள் கரைசல் கலந்து சற்று வைத்திருந்து கழிப்பறையில் கொட்டினோம். பெட்டியையும் அப்படியே கழுவினோம். அது ஏறி விளையாடிய மரக்கிளையை மட்டும் முழுதாகத் தூய்மை செய்ய வழியில்லை. உறையில் கட்டிக் குப்பையில் போட்டான்.

ஒன்பதாம் நாள் கண்ணாடியில் பாதி உயரம் ஏறியது. 11 நாள் முடிந்து சில வாரம் கழித்து எடுத்த சோதனையில் தொற்று இல்லை என்று வந்தபோது நான் ஊர் திரும்பியிருந்தேன். மறுசோதனையிலும் அதே முடிவு. எடை 38 கிராமிலிருந்து 46 ஆகியிருப்பதாகவும், புதுக் கிளை பிடிக்காமல் தண்ணீர்க் கிண்ணத்திலேயே உட்கார்ந்திருப்பதாகவும் பையன் எழுதியிருந்தான்.