மெஷின் நம்பரைக் கூட்டுவதற்கு முன்



மச்சானின் நித்திரை மெஷின் படத்தைப் போட்ட பிறகு இன்பொக்ஸில் வந்ததெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விதான். "சேர், மெஷின் போட்டும் குறட்டை நிக்கல்ல. நம்பரைக் கூட்டி வெக்கலாமா?" கேட்டவர்களில் இரண்டு பேர் இரவில் மரக்கறி லொறி ஓட்டுகிறவர்கள். அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

அந்த நம்பர் என்ன? ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஸ்ட்ரோவை விட்டு ஊதுங்கள். குமிழி வர எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அதுதான் மெஷினில் 10. அவ்வளவுதான், சைக்கிள் டயர் மாதிரி இல்லை. நித்திரையில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டையைத் திறந்து வைக்க அது போதும். 1980இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் வெக்யூம் கிளீனர் மோட்டரை வைத்தே இதைச் செய்து காட்டினார்.

பெரும்பாலான சீபெப் மெஷின்களில் 4 முதல் 20 வரை வைக்கலாம். குறைந்தால் தொண்டை மூடும். கூடினால் மாஸ்க் ஓரத்தால் காற்று சீறும், கண் எரியும், வயிறு ஊதும். சிலருக்கு மூளையே மூச்செடுக்கச் சொல்லாமல் விடும் இன்னொரு வகை நிறுத்தமும் தொடங்கும். அது குறட்டை இல்லாமலே நடக்கலாம், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாமல் போகலாம்.

மச்சானுக்குக் கட்டாரிலிருந்து வந்தது சொந்தக்காரர் ஒருவர் பாவித்த மெஷின். அவருடைய 14 அப்படியே இருந்தது. முதல் இரவே மச்சான் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். நித்திரைப் பரிசோதனை செய்து டொக்டர் வைத்தது 9. மணித்தியாலத்துக்கு 31 தடவை நின்ற மூச்சு இப்போது 4 தடவை. (5க்குக் கீழ் நல்லது, 30க்கு மேல் கடுமை.)

நம்பரைச் சந்தேகிக்க முன் மாஸ்க்கைப் பாருங்கள். தாடி வைத்திருப்பவர்களுக்கு முகத்தை மூடும் மாஸ்க் சரியாக ஒட்டாது. மூக்குத் துவாரத்தில் பொருந்தும் சிறிய வகை நல்லது. எங்கள் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் கட்டி களகளவென்று சத்தம் போடும். குழாயைப் போர்வைக்குள் விட்டால் குறையும். வட்டகொடை 4000 அடிக்கு மேல், காற்று மெல்லிசு. புது மெஷின்கள் அதைத் தாமாகவே சரிசெய்யும். பழைய சிலவற்றில் உயரத்தை நாங்கள்தான் மாற்ற வேண்டும். பழையது வாங்கினால் மாடலையும் பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்பொஞ்ச் உதிர்வதால் பிலிப்ஸ் 2021 ஜூனில் பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

இவ்வளவும் பார்த்தும் சரிவராவிட்டால் மெஷினின் மெமரி கார்டைக் கழற்றி டொக்டரிடம் கொண்டு போங்கள். ஒவ்வொரு இரவின் கணக்கும் அதில் இருக்கும்.

அந்த இரண்டு தம்பிமாருக்கும்: டொக்டரைப் பார்க்கும் வரைக்கும், கண் சொக்குகிற நாளில் ரம்பொடை வளைவுக்கு லொறியைக் கொண்டு போக வேண்டாம். சாவியை வேறு ஆளிடம் கொடுங்க.