தணலில் வேகும் பீச்

பீச் கொப்ளர் எளிய அடுப்பிற் பிறந்த பண்டம். அமெரிக்காவிற் குடியேறியோர் இரும்புச் சட்டியிற் கனியிட்டு, மாவால் மூடித் தணலிற் சமைத்தனர். ஹட்டனில் நாமும் விடுமுறை நாட்களில் அவ்வாறே செய்கிறோம். நுவரெலியாப் பக்கத்துச் சிறு பீச் புளிப்புள்ளது. சீனி சற்றுக் கூடுதலாக வேண்டும். கனித்துண்டுகளின்மேல் மா, பேக்கிங் பவுடர், வெண்ணெய், பால் சேர்த்த கலவையைக் கரண்டி கரண்டியாக இட்டு, மூடியின் மேலும் தணல் பரப்பினால், முக்கால் மணியிற் பொன்னிறமாகும்.

லயத்து அடுப்புக்கும் இது எட்டாததன்று, எட்டாதது மரமே. கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். 1867இல் பெருந்தோட்டப் பயிராகத் தொடங்கிய தேயிலையை வளர்த்தோரின் வழிவந்தவர் பலருக்கு, ஒரு கன்று நடவும் சொந்த நிலம் இன்றுமில்லை. அவர்தம் முற்றத்திலும் பீச் மரம் காய்க்கும் நாளையே நாம் எதிர்பார்த்திருக்கிறோம்.